முத்திரையிட்ட பானையும் இறைச்சி றாத்தலும்

பாண் வாங்கக் கடைக்குப் போகிற பிள்ளையிடம் "ஒரு றாத்தல் வாங்கிட்டு வா" என்றுதான் சொல்கிறோம். றாத்தல் என்பது நிறையின் பெயர். ஆனால் இலங்கைத் தமிழில் அது முழுப் பாணின் பெயராகவும் ஆகிவிட்டது. சொல்லின் பிறப்போ அறபு. 'ரத்ல்' என்ற பழைய நிறையளவு கடலோடிகளோடும் வணிகரோடும் வந்து தமிழில் இறாத்தலாகி, நம் வாயில் றாத்தலாகிப் போனது. ஆங்கிலத்தில் 'லோஃப்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே அமெரிக்கர் 'மீட்லோஃப்' என்று அழைக்கும் உணவை இக்கட்டுரையில் 'இறைச்சி றாத்தல்' என்றே எழுதப் போகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அரைத்த இறைச்சியோடு பாலில் ஊறிய பாண், முட்டை, வெங்காயம், உப்பு, மிளகு சேர்த்துப் பிசைந்து, பாண் வடிவத்தில் பிடித்து, வேகவைத்து, துண்டு துண்டாக வெட்டிப் பரிமாறுவது இறைச்சி றாத்தல். அதைப் போறணையில் சுடாமல், மின்சாரத்தில் மெல்ல வேகும் சட்டியில், அதாவது 'ஸ்லோ குக்கரில்', காலையில் வைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு எடுப்பது ஒரு முறை. எங்கள் வீட்டில் இது அடிக்கடி நடக்கிறது. வாப்பாவுக்குப் பல் போய்விட்டது. பிள்ளைகளுக்கு எலும்பு எடுக்கப் பஞ்சி. எனக்குப் பாடசாலை விட்டு வந்து அடுப்படியில் நிற்க உடம்பு கேட்பதில்லை. மூன்று பேருக்கும் இந்தச் சட்டி நியாயம் செய்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "இது வெள்ளைக்காரன்ட சாப்பாடு தானே" என்றார். அந்த வார்த்தைதான் என்னை வரலாற்றுப் பக்கம் திருப்பியது. சட்டி அமெரிக்காவிலிருந்து வந்தது, மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டிக்குள் இருக்கும் யோசனை எங்கிருந்து வந்தது?

இறைச்சியை இடித்து, நசுக்கி, வேறொன்றோடு பிசைந்து உருட்டுவது பழைய வேலை. உரோமரின் சமையல் நூலாகிய அபிசியஸில், ஊறவைத்த பாணோடு கொத்திய இறைச்சியைச் சேர்த்துப் பிடிக்கும் குறிப்பு உண்டு. பாரசீகத்தில் 'கூஃப்தன்' என்றால் இடித்தல். அதிலிருந்து வந்ததே கோஃப்தா. (நம் 'கொத்து' என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போடும் ஆசை எனக்கும் வந்தது. ஒலி ஒற்றுமையை நம்பிச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று படிப்பித்த ஆசிரியர்களுக்கு மரியாதையாக அதை விட்டுவிடுகிறேன்.) அறபியில் 'ஹரஸ' என்ற வினையும் இடித்தலையே குறிக்கும். அதிலிருந்து பிறந்தது ஹரீஸா. மத்திய கிழக்குக்கு உழைக்கப் போய் வந்த நம்மவர் பலருக்கு 'ஹரீஸ்' என்ற பெயரில் அது நன்றாகத் தெரியும். கோதுமையும் இறைச்சியும் இரண்டறக் கரையும்வரை வேகவைத்து அடித்தெடுக்கும் களி. மலபார் மாப்பிள்ளைமார் வீடுகளில் அது அலீஸா. 2023இல் ஐக்கிய அறபு இராச்சியம், ஓமான், சவூதி அறேபியா ஆகியவற்றின் சார்பில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஹரீஸ் இடம்பிடித்தது.

பக்தாதில் ஹிஜ்ரி 623இல், அதாவது 1226இல், முஹம்மத் பின் அல்-ஹஸன் அல்-பக்தாதி என்பவர் 'கிதாபுத் தபீஹ்' என்ற சமையல் நூலை எழுதினார். மங்கோலியர் அந்த நகரை அழிப்பதற்கு முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன். உணவு, பானம், உடை, தாம்பத்தியம், நறுமணம், இசை என்று உலக இன்பங்களை ஆறாகப் பிரித்து, அவற்றில் உணவே தலையாயது என்று தீர்ப்பும் சொல்லி ஆரம்பிக்கும் மனிதர். அவருடைய ஹரீஸாக் குறிப்பை ஆர்பெரியின் 1939ஆம் வருட ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத்தான் நான் படித்தேன். படித்தபோது சமையல் குறிப்பைப் படிப்பது போலவே இல்லை. இரவுக் காவலாளியின் முறைப்பட்டியலைப் படிப்பது போல் இருந்தது. இரவின் முதற் கால்பகுதி முழுக்க நெருப்பை அணையவிடாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு கோழித் துண்டுகளும் கறுவாப்பட்டையும் போட்டு நடுநிசிவரை விட வேண்டும். நடுநிசியில் எழும்பி, மசியும்வரை அடித்து, உப்புப் போட வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் கூடாது. விடியும்வரை விட்டு, மறுபடி கிளறி, இறக்க வேண்டும். பரிமாறும்போது உருக்கிய வால்கொழுப்பு, மேலே சீரகமும் கறுவாவும் தனித்தனியாகத் தூளாக்கித் தூவல்.

இதன் கடைசியில் அவர் போகிற போக்கில் சொல்லும் ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திறந்த அடுப்பில் வைப்பதைவிட, நிதானமான தணலுள்ள தன்னூர் அடுப்புக்குள் வைத்தால் ஹரீஸா இன்னும் ருசிக்கும் என்கிறார். தன்னூர் என்பது களிமண் சுவர் சூழ்ந்த அடுப்பு. அடியில் மட்டும் எரியாமல், சுற்றிவரச் சுவரே சூடேறி, பானையை எல்லாப் பக்கத்தாலும் சமமாக அணைக்கும். இன்றைய மின்சட்டியில் சூடேற்றும் கம்பி பீங்கானைச் சுற்றிப் பக்கச் சுவரில் ஓடுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

இரவு முழுக்க வேகும் பானையில் இன்னொரு சிக்கல் உண்டு. உள்ளே என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முழு ஆட்டுத் தொடையை வாங்குகிறவருக்கு அது என்ன என்று தெரியும். இடித்து, அரைத்து, கரைத்த பிறகு அதைச் செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும். ஹரீஸாவோ அந்தக் காலத்தில் பெரும்பாலும் கடைச் சாப்பாடு. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர் வாங்கிச் சாப்பிடுவது. ஆகவே சந்தைக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபின் கைநூல்களில் ஹரீஸாக்காரருக்கென்று தனி அதிகாரமே இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் அஷ்ஷைஸரி எழுதிய 'நிஹாயதுர் ருத்பா' அவற்றுள் ஒன்று. இறைச்சியும் கோதுமையும் பானைக்குள் போடப்பட்ட பிறகு முஹ்தஸிப் அதில் தன் முத்திரையைப் பதிக்க வேண்டும். விடியற்காலையில் அவர் முன்னிலையிலேயே முத்திரையை உடைத்து அடிக்க வேண்டும் என்கிறது அந்நூல். ஏன் என்றால், ஆள் போனதும் இறைச்சியை வெளியே எடுத்து ஒளித்து வைத்து, மறுநாள் அதே இறைச்சியை இன்னொரு பானைக்குக் காட்டுகிறார்களாம்!

அரைத்த இறைச்சியைக் குடலில் அடைத்து விற்பவர்கள் விஷயத்தில் அஷ்ஷைஸரி இன்னும் கறாராகிவிடுகிறார். அவர்களுடைய கடைகள் முஹ்தஸிப் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கண்ணெதிரே இருப்பது நல்லது என்கிறார். அவர்களின் கலப்படம் அவ்வளவு நுட்பமானது, தூர இருந்து பிடிக்கவே முடியாது என்பது காரணம். அரைத்த இறைச்சியின் வரலாறு எந்த ஊரில் எழுதப்பட்டாலும் அதற்குள் நம்பிக்கையின் வரலாறும் இருக்கும் என்று நான் நினைப்பது இந்த இடத்தைப் படித்த பிறகுதான்.

இனி நம் இறைச்சி றாத்தலுக்கு மிக நெருக்கமான உறவினரைப் பார்ப்போம். முஸ்லிம் ஸ்பெயினிலும் மொறோக்கோவிலும் வாழ்ந்த யூதருக்கு வெள்ளி அந்தி முதல் சனி அந்திவரை நெருப்பு மூட்டுவது தடை. ஆனால் சனிக்கிழமை பகல் சூடாகச் சாப்பிட வேண்டும். வழி ஒன்றுதான்: வெள்ளி மாலை பொழுது சாயுமுன் பானையைத் தணலில் வைத்துவிடுவது. அந்தப் பானைக்கு 'அதஃபினா' அல்லது 'தஃபினா' என்று பெயர். புதைத்தல் என்ற பொருளுள்ள 'தஃபன' என்னும் அறபு வினையிலிருந்து வந்தது. தணலிலும் சாம்பலிலும் புதைத்து வைத்த பானை. யூத உணவின் வரலாற்றை எழுதியோர் சிலர் இதனை ஹரீஸாவின் வழித்தோன்றலாகவே காண்கின்றனர். மொறோக்கோவின் தஃபினாவுக்குள் கொண்டைக்கடலை, கோதுமை, முட்டை, இறைச்சித் துண்டுகளோடு இன்னொன்றும் கிடக்கும். அரைத்த இறைச்சியைப் பாண்தூள், முட்டை, வாசனைத் திரவியங்களோடு பிசைந்து நீள உருளையாகப் பிடித்து, துணியில் கட்டிப் பானைக்குள் இறக்குவார்கள். இரவு முழுக்க அது மெல்ல வெந்து, மறுநாள் துண்டு துண்டாக வெட்டப்படும். மின்சாரச் சட்டி பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே மெல்ல வெந்த இறைச்சி றாத்தல் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தப் பானை தனி வீட்டில் வெந்ததில்லை. மொறோக்கோ நகரங்களில் மஹல்லாவுக்கு ஒரு பொதுப் போறணை இருந்தது. வீடுகளில் பிசைந்த மாவும் அங்கேதான் சுடப்பட்டது, யூதரின் தஃபினாவும் அங்கேதான் இரவைக் கழித்தது. மர்ராகிஷில் 'தன்ஜியா' என்ற மண்சாடி இன்றும் உண்டு. இறைச்சி, பூண்டு, சீரகம், உப்பிட்ட எலுமிச்சை எல்லாம் போட்டு, வாயைக் காகிதத்தால் கட்டி, ஹம்மாம் குளியல் வீட்டுக்குத் தண்ணீர் காய்ச்சும் சூளையின் சாம்பலில் விட்டுப் போவார்கள். அது வேலைக்குப் போகும் ஆண்களின் சமையல் என்று பெயர் வாங்கியது. ஊர் குளிக்க எரிந்த நெருப்பின் மிச்சத்தில் ஊருக்குச் சாப்பாடு. நோன்பு மாதத்தில் நம் பள்ளிவாசல்களில் கஞ்சிக் கிடாரம் ஏறுவதையும், அஸருக்குப் பிறகு பிள்ளைகள் வாளியும் கோப்பையுமாக வரிசையில் நிற்பதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஸ்பெயினில் அந்த உலகம் முடிந்த விதம் கசப்பானது. 1492க்குப் பிறகு மதம் மாற்றப்பட்ட யூதர் வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை அடுப்பில் ஏறிய அதஃபினாவை வேலைக்காரப் பெண்கள் விசாரணை மன்றத்தில் சாட்சியாகச் சொன்னார்கள். பலவந்தமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களுக்குக் குஸ்குஸ் தின்றதும், பன்றிக் கொழுப்பை விட்டு ஒலிவ் எண்ணெயில் சமைத்ததும் குற்றச்சாட்டாயின. அவர்களும் 1609க்கும் 1614க்கும் இடையில் நாடு கடத்தப்பட்டனர். பானையைத் திறந்து பார்ப்பதற்கு எல்லாக் காலத்திலும் ஒரே நோக்கம் இருந்ததில்லை.

இனி அமெரிக்கா. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் பன்றியின் எச்சசொச்சங்களைச் சோளமாவோடு கிண்டி அச்சில் ஊற்றி வெட்டிச் சாப்பிட்டனர். அமெரிக்க இறைச்சி றாத்தலின் முன்னோடியாக அதைத்தான் காட்டுவது வழக்கம். ஆனால் இறைச்சி றாத்தலை வீட்டுச் சாப்பாடாக்கியது கையால் சுற்றும் இறைச்சி அரைக்கும் இயந்திரம். 1880களில் பிலடெல்பியாவின் தொழிற்சாலைகள் அதை வீட்டு மேசையில் பூட்டக்கூடிய அளவில் செய்து விற்றன. 1896இல் வெளிவந்த பனி ஃபார்மரின் புகழ்பெற்ற பொஸ்டன் சமையல் நூலில் கன்றிறைச்சி றாத்தலுக்குக் குறிப்பு இருக்கிறது.

அடுத்த பத்தாண்டில் அஷ்ஷைஸரியின் கவலை சிக்காகோவில் மறுபிறவி எடுத்தது. 1906இல் அப்டன் சின்க்ளேயர் அந்நகரின் இறைச்சித் தொழிற்சாலைகளை வைத்து 'த ஜங்கிள்' என்ற நாவலை வெளியிட்டார். தொழிலாளர் படும் பாட்டைச் சொல்லத்தான் எழுதினார்; வாசித்தவர்களோ தாங்கள் தின்றது என்ன என்று எண்ணிக் குமட்டிப் போனார்கள். அதே வருடம் ஜூன் 30இல் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் ஒன்றாகக் கையொப்பமாகின. முஹ்தஸிபின் முத்திரை அரசாங்க முத்திரையாகியது.

1929க்குப் பின் வந்த பெருமந்தத்தில் இறைச்சி றாத்தல் ஏழை வீட்டின் தந்திரமாகியது. ஒரு றாத்தல் இறைச்சியைப் பாண்தூளாலும் ஓட்ஸாலும் பெருக்கி ஆறு பேருக்குப் போட்டார்கள். எங்கள் உம்மா மூன்று உருளைக்கிழங்கைக் கூடப் போட்டு ஆணத்தைப் பெருக்குவது போலத்தான். 1943 மார்ச் 29இல் அமெரிக்காவில் இறைச்சி பங்கீட்டுக்கு உள்ளானது. அந்த வருடம் ஒரு மாக் கம்பனியின் சமையல் சிறுநூல், அரைத்த இறைச்சியோடு கோதுமைச் சீவலைப் பிசைந்து, எலும்புள்ள பெரிய இறைச்சித் துண்டு போல வடிவம் பிடித்து 'அவசர ஸ்டேக்' என்று பெயரிட்டது. வறுமையை மறைக்காமல் பெயரிலேயே போட்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. இலங்கையில் அரிசி கூப்பனுக்குப் போனதும் அதே போர்க்காலத்தில்தான்.

சட்டியின் கதை இதற்குப் பக்கத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஐர்விங் நக்சன் 1902இல் நியூ ஜேர்சியில் பிறந்த யூதர், பல கண்டுபிடிப்புகளுக்கு உரிமம் பெற்றவர். அவருடைய தாய் லித்துவேனியாவிலிருந்து வந்தவர். வில்னா நகரில் தான் சிறு பெண்ணாக இருந்தபோது, வெள்ளி மாலையில் 'ஷோலண்ட்' பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பேக்கரிக்கு ஓடிய கதையை மகனுக்குச் சொல்லியிருக்கிறார். பேக்கரிப் போறணை ஓய்வு நாளுக்காக அணைக்கப்படும். ஆனால் செங்கல் சுவர் மெல்ல ஆறும். அந்த ஆறும் சூட்டில் இரவு முழுக்கப் பானை வேகும். பேக்கரி இல்லாத வீட்டில் அந்தப் போறணையை எப்படிச் செய்வது என்று யோசித்த நக்சன் 1936இல் உரிமத்துக்கு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. பயறு அவிக்கும் சாதனம் என்ற அளவில் அது 'நக்சன் பீனரி' என்ற பெயரில் விற்பனையானது. 1970இல் கன்சாஸ் நகரின் றைவல் கம்பனி அவருடைய தொழிலை வாங்கி, மறுவருடம் 'குரொக்பொட்' என்ற புதுப் பெயரில் வெளியிட்டது.

பயறுச் சட்டி எப்படித் திடீரென்று ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையானது? பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகத் தொடங்கிய பத்தாண்டு அது. விளம்பரங்களும் வீட்டில் ஆள் இல்லாதபோது சமைக்கும் சட்டி என்றே அதைக் காட்டின. 1973 ஒக்டோபரில் அறபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்து எரிபொருள் விலை ஏறியபோது, மின்சாரத்தைச் சிக்கனமாகக் குடிக்கும் சட்டிக்கு இன்னொரு நியாயமும் கிடைத்தது. 1975இல் மேபல் ஹொஃப்மன் இச்சட்டிக்கென்றே எழுதிய சமையல் நூல் அமோகமாக விற்றது. அது முதல் அமெரிக்க வீட்டின் இரண்டு சிக்கனங்கள், ஒன்று இறைச்சியில், மற்றது நேரத்தில், ஒரே சட்டிக்குள் சேர்ந்தன.

இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஹரீஸாவுக்கும் தன்ஜியாவுக்கும் நீண்ட நேரம் தேவை. தடித்த தசையின் இணைப்புத் திசு மெல்லக் கரைந்து பிசினாக மாறப் பல மணி நேரம் ஆகும். அரைத்த இறைச்சிக்கு அது தேவையில்லை. அந்த வேலையை இயந்திரம் ஏற்கனவே முடித்துவிட்டது. ஆகவே றாத்தல் மெல்ல வேகுவது இறைச்சிக்காக அல்ல, சமைப்பவருக்காக. விலையாக இறைச்சி தன் சாற்றைக் கக்கிக் காய்ந்துபோகப் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் பாலில் ஊறிய பாண். ஊறிய மாப்பொருள் இறைச்சிப் புரதத்தின் இடையில் புகுந்து, அது இறுகிச் சுருங்கவிடாமல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஏழையின் பெருக்கல் தந்திரம் என்று நாம் நினைத்தது உண்மையில் பக்குவத்தின் இரகசியமும் கூட. நம் நாட்டுப் பறங்கியர் வீட்டு லம்பிரைஸில் வரும் பிரிக்கடல் உருண்டையிலும் பாண் இருப்பது சும்மா அல்ல.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. ஒரு கிலோ அரைத்த மாட்டிறைச்சி, கொஞ்சம் கொழுப்போடு அரைத்தது. ஓரம் நீக்கிய மூன்று துண்டுப் பாண், அரைக் கோப்பைப் பாலில் ஊறியது. இரண்டு முட்டை, வதக்கி ஆறிய ஒரு பெரிய வெங்காயம், நான்கு பல் பூண்டு, மிளகு, உப்பு. அல்-பக்தாதியை நினைத்துக்கொண்டு ஒரு சிட்டிகை சீரகத்தூளும் கறுவாத்தூளும். அழுத்திப் பிசையக் கூடாது, கைவிரலால் கலந்தால் போதும். பிசையப் பிசைய இறப்பர் ஆகிவிடும். சட்டியின் அடியில் அலுமினியத் தாளை இரண்டு பட்டைகளாக மடித்துக் குறுக்காக வைத்து, அதன்மேல் றாத்தலைப் பிடித்து வைத்தால் பிறகு உடையாமல் தூக்கலாம். மூடிக்கும் சட்டிக்கும் இடையில் சுத்தமான துணி ஒன்று கட்டினால் ஆவித்தண்ணீர் மேலே சொட்டாது. குறைந்த சூட்டில் ஆறு மணித்தியாலம். உறைந்த இறைச்சியை அப்படியே வைப்பது ஆபத்து, கிருமி பெருகும் சூட்டில் அதிக நேரம் தங்கிவிடும். அரைத்த இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸைத் தொட வேண்டும். மேற்புறம் சிவக்காது, அது இச்சட்டியின் குறை. தக்காளி சோஸ் பூசி ஓவனில் ஐந்து நிமிடம் காட்டலாம். இறக்கிப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவற்றில் 'மீட்லோஃப் மிக்ஸ்' என்று வருவது பெரும்பாலும் மாடு, கன்று, பன்றி மூன்றும் கலந்த இறைச்சி, மேலே சுற்றச் சொல்வதும் பன்றிதான். மாட்டிறைச்சி மட்டும் போதும், ருசியில் குறை வராது. பொதி செய்து உறைந்து வரும் அரைத்த இறைச்சியை நான் வாங்குவதில்லை. இறைச்சிக் கடையில் துண்டைக் காட்டி, கழுவச் சொல்லி, என் கண்ணெதிரே இயந்திரத்தில் போடச் சொல்கிறேன். முதல் பிடி அரைபட்டு வருவதை எடுத்து ஒதுக்கச் சொல்வேன். எனக்கு முன் வந்தவரின் இறைச்சி அதில் மிச்சமிருக்கும். கடைக்கார நானா முதலில் முகம் சுளித்தார். இப்போது நான் படியேறுமுன்பே இயந்திரத்தைக் கழற்றிக் கழுவத் தொடங்கிவிடுகிறார்.